குளிர் வந்தா மீன் கடிக்கலையா? எந்த மீனுக்கு எந்த இரை... நெல்லை தூண்டில் பிரியர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிரம்பிட்டா போதும், நெல்லையில் குளத்து மடையிலும் வாய்க்கால் கரையிலும் தூண்டில்காரங்களைப் பார்க்கலாம். ஆனா கோடையில் போட்டதும் கவ்வுற மீன், மார்கழியில் மணிக்கணக்கா காத்திருந்தாலும் தக்கையை அசைக்க மாட்டேங்குது. ஏன் இப்படி?

காரணம் என்ன?

நம்மைப் போல உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள பெரும்பாலான மீன்களால் முடியாது. தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் குளிரும். செரிமானம் மெதுவாகும், பசி குறையும். நெல்லையில் கடுங்குளிர் கிடையாதுதான். ஆனா ஜிலேபி, கட்லா, ரோகு எல்லாம் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்றாக மேயும் மீன்கள். சில டிகிரி குறைந்தாலே மந்தமாகிடும்.

அதனால முதல் விதி: இரையைச் சின்னதாக்குங்க. சின்ன முள், மெல்லிய நரம்பு, மென்மையான இரை. தவிடு, புண்ணாக்கு வீசி மீனைக் கூட்டுறவங்க அளவைக் குறைக்கணும். இருக்கிற கொஞ்சப் பசியும் அதிலேயே அடங்கிடும்.

கலங்கலா, தெளிவா?

மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தா மீனுக்குக் கண் உதவாது, மணம்தான் வழிகாட்டும். அப்போ மண்புழு, கோழிக்குடல் நல்ல தேர்வு. தை மாதம் நெருங்கி தண்ணீர் தெளிந்ததும் சின்ன மாவு உருண்டைக்கு மாறலாம்.

எந்த மீனுக்கு எது?

* கெண்டை, ரோகு: சோறு சேர்த்துப் பிசைந்த மைதா அல்லது கோதுமை மாவு. உருண்டை மிளகு அளவு போதும்.
* ஜிலேபி: மண்புழுத் துண்டு. முழுப் புழு வேண்டாம்.
* கெளுத்தி: மண்புழு, கோழிக்குடல். இரை தரையைத் தொடணும், அந்தி சாய்ந்த பிறகு நல்லா எடுக்கும். முள் குத்தினா கடுக்கும், கவனம்.
* விரால்: தவளை, சின்ன மீன். காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன் என்பதால் செடி ஓரத்தில் போடலாம்.

நேரமும் முக்கியம். விடியற்காலையை விட, வெயில் ஏறி மேல் தண்ணீர் சூடாகும் 10 மணிக்கு மேல் மீன் சுறுசுறுப்பாகும்.

இதைச் செய்யாதீங்க

சிவப்பு நிறத்தில் குஞ்சுகள் கூட்டமா மிதந்தா, அடியில் தாய், தந்தை விரால் காவல் இருக்கும். அங்கே தூண்டில் போட்டா கிடைப்பது ஒரு மீன்தான். காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் தின்னுடும். அடுத்த வருஷ விராலே போச்சு!

பல குளங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். கேட்டுட்டுப் போடுங்க. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அறுந்த நரம்பைக் கரையில் விடாதீங்க, நீர்ப்பறவைகளின் காலில் சிக்கும்.

கடைசியா ஒண்ணு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எப்படிப் பெருக்கெடுத்தது என்பது நெல்லைக்கு மறக்காது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்தா, தடுப்பணை மேலே நிற்காதீங்க. மீன் நாளைக்கும் கிடைக்கும்.