டாக்டருக்கும் மிஸ்ஸிக்கும் ஓய்வு வேண்டும்



சாலாக் செலாத்தானில் இருந்தாலும் கிள்ளானில் இருந்தாலும், அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நம்மவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான். “மணிக்கணக்கா காத்திருந்தோம். டாக்டர் முகங்கொடுத்துப் பேசலே. மிஸ்ஸி எரிஞ்சு விழுந்தாங்க.” குறையில் நியாயம் உண்டு. அந்த எரிச்சலுக்குக் காரணம் என்ன என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓயாத வேலையால் வரும் இந்த நிலையை ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள். பணிச்சோர்வு என்று சொல்லலாம். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது. உடம்பிலும் மனதிலும் சக்தி வற்றிப்போதல். செய்கிற வேலை மீதே வெறுப்பு. முன்போல வேலை செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இது தனி நோய் அல்ல, வேலையிடத்தில் உண்டாவது என்றும் அது சொன்னது.

பகல் வேலை முடிந்து, இரவு ‘ஆன்-கால்’ நின்று, மறுநாளும் வேலையைத் தொடரும் டாக்டர்கள் உண்டு. 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கவனமும், மது அருந்தியவரைப்போல் தடுமாறும் என்று 1997-இல் ஆஸ்திரேலியச் சோதனை ஒன்று காட்டியது. அப்படிப்பட்ட கைதான் நம் பிள்ளைக்கு ஊசி போட வேண்டுமா?

வேலை நிலையாக இல்லாததும் ஒரு பாரம். கண்டிராக்டு வேலையின் கஷ்டம் நமக்குப் புதிதல்ல! 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களையும் அரசாங்கம் ஒப்பந்தத்தில் எடுத்தது. 2021-இல் கோவிட் உச்சத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தபோது முன்வரிசையில் நின்றவர்களில் இவர்களும் உண்டு. அந்த ஆண்டு ஜூலை 26-இல் கறுப்பு உடுத்தி வெளிநடப்புச் செய்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான நிரந்தர இடங்கள் கிடைத்தன. கேட்டதால் கிடைத்தது!

“மனசைத் திடப்படுத்திக்கோ” என்று புத்தி சொன்னால் போதாதா? போதாது. பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் நெடுநாள் பால் தரும். ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும். அப்போது மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, உரம் கொட்டியும் பயனில்லை. கத்திக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மனிதருக்கும் அப்படித்தான். போதிய ஆட்கள், போதிய தூக்கம், நிரந்தர வேலை. மருந்து இவைதான்.

நாம் செய்யக்கூடியவை:

1. சாதாரண சளி, இருமலுக்கு அவசரப் பிரிவுக்கு ஓடாதீர்கள். அரசாங்க கிளினிக்கே போதும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் தாமதிக்காதீர்கள்.

2. சாப்பிடும் மருந்துகளையும் அப்பாயின்மென்ட் கார்டையும் கையோடு கொண்டு போங்கள்.

3. மருந்தின் அளவு புரியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். அவர் களைத்திருக்கலாம், ஆனால் கேட்பது உங்கள் உரிமை.

4. உங்கள் வீட்டுப் பிள்ளை தாதியாகவோ டாக்டராகவோ இருந்தால், இரவு வேலை முடிந்ததும் தூங்கவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டவிடாதீர்கள். “இனி முடியலே” என்று சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் மனநல ஆலோசனை உண்டு.

எட்டு மணி நேர வேலை, வார ஓய்வு என்று நாம் கேட்டது சோம்பலினால் அல்ல. நம்மைக் காக்கிறவர்கள் அதையே கேட்கும்போது அவர்கள் பக்கம் நிற்போம்!