அஜினமோட்டோவைத் தவிர்த்தால் மட்டும் போதுமா?

உயர் இரத்த அழுத்தத்திற்கும் சிறுநீரக நோய்க்கும் எங்களிடம் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர், "வீட்டில் அஜினமோட்டோ சேர்ப்பதே இல்லை, டாக்டர்" என்று நிம்மதியுடன் கூறுவதுண்டு. அந்த நிம்மதி எவ்வளவு சரியானது?

அஜினமோட்டோ என்பது மோனோசோடியம் குளூட்டமேட் என்னும் சுவையூட்டியின் வணிகப் பெயர். 1908ஆம் ஆண்டு ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கெடா, கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். தக்காளியிலும் காளானிலும் தாய்ப்பாலிலும் குளூட்டமேட் இயற்கையாகவே உள்ளது.

இதைப் பற்றிய அச்சம், 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கடிதத்திற்குப் பின் பரவியது. சீன உணவகங்களில் உண்டபின் கழுத்து மரத்துப்போவதாகவும் படபடப்பு தோன்றுவதாகவும் அக்கடிதம் கூறியது. பின்னர் நடந்த கட்டுப்பாடான ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தவில்லை. உணவின்றி ஒரே வேளையில் 3 கிராமுக்கு மேல் உட்கொண்ட சிலருக்குத் தலைவலி போன்ற தற்காலிகத் தொல்லைகள் மட்டுமே காணப்பட்டன.

எங்கள் கவலை வேறு, அது சோடியம். 100 கிராம் சமையல் உப்பில் ஏறத்தாழ 39 கிராம் சோடியம் உள்ளது; அதே அளவு அஜினமோட்டோவில் ஏறத்தாழ 12 கிராம். எனவே அஜினமோட்டோவை ஒதுக்கிவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றைத் தொடர்ந்தால், சிறிய வாயிலை அடைத்துப் பெரிய வாயிலைத் திறந்து வைத்தவர்களாவோம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சமையலில் சேர்ப்பதும், கடைத் தின்பண்டங்களில் ஒளிந்திருப்பதும் அதற்குள் அடங்க வேண்டும். நோயின் தன்மைக்கேற்ப இவ்வளவு மேலும் குறையலாம்.

உணவுப் பொட்டலங்களில் '621' என்ற எண் இருந்தால் அதில் இச்சுவையூட்டி சேர்க்கப்பட்டுள்ளது என்று பொருள். அத்துடன் நின்றுவிடாமல், சோடியத்தின் அளவையும் படியுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை: 'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படுவனவற்றுள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்துள்ளது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேளாமல் அதனை வாங்க வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் அடிக்கடி பயன்படுத்தும் பொட்டலங்களின் மேலுறைகளை எடுத்து வாருங்கள். எதைக் குறைப்பது, எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதைச் சேர்ந்தே பார்த்து முடிவு செய்வோம்.