ஓடினால் பணம் வருமா?



டி.வி. செய்தியில் நாம் பார்த்திருப்போம். பெரிய நகரங்களில் ஆயிரக்கணக்கான பேர், நெஞ்சில் நம்பர் ஒட்டிக்கொண்டு ரோட்டில் ஓடுவார்கள். புற்றுநோய் நிதிக்காக மாரத்தான் என்று செய்தியில் சொல்வார்கள். ஓடுறதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்? ஓடினா பணம் எங்கேருந்து வரும்? நியாயமான கேள்விகள்தான். பணம் எங்கிருந்து வருது, எங்கே போகுது என்று கேட்பது குழுப் பெண்களுக்குப் பழகிப்போன விஷயமாச்சே. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

மாரத்தான் என்பது என்ன?

42 கிலோமீட்டர் 195 மீட்டர் தூரம் நிற்காமல் ஓடும் ஓட்டம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற தூரம் ஏறக்குறைய அவ்வளவு வரும். யாரும் ஒரே நாளில் கிளம்பி இதை ஓடிவிட முடியாது. புதிதாக வருபவர்கள் நாலைந்து மாதமாவது பயிற்சி எடுக்க வேண்டும்.

முதலில் டாக்டரிடம் காட்டி இருதயம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வார்கள். பிறகு கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று தொடங்குவார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம் ஓடுவார்கள். அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். அவசரப்பட்டுக் கூட்டினால் முழங்கால் போய்விடும். ஓய்வு நாளும் பயிற்சியில் சேர்ந்ததுதான். 30 கிலோமீட்டர் தாண்டும்போது உடம்பில் சேர்ந்திருக்கும் சக்தி தீர்ந்து கால் நகராது. அதனால் ஓட்டத்துக்கு முன்பு சோறு, இட்லி, ரொட்டி போன்ற மாவுச்சத்து உணவு நன்றாகச் சாப்பிடுவார்கள். வழியிலும் தண்ணீர் குடித்துக்கொண்டே போவார்கள்.

பணம் எப்படிச் சேருகிறது?

ஓடப் போகிறவர் தெரிந்தவர், சொந்தக்காரர், கூட வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார். "இந்த நோய்க்கு நிதி சேர்க்க ஓடப் போறேன், உங்களால முடிஞ்சதைக் கொடுங்க" என்பார். சிலர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்கள். சிலர், ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். முறையாக நடக்கும் இடங்களில் இந்தப் பணம் தொண்டு நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகும், ரசீதும் உண்டு.

சும்மா கேட்டால் கொடுக்காதவர்கூட இதற்குக் கொடுப்பது ஏன்? நம்மையே எடுத்துக்கொள்வோம். சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கி நமக்குக் கடன் கொடுக்கிறது. ஆறு மாதம் தவறாமல் கூட்டம் போட்டோம், சேமித்தோம், நோட்டு எழுதினோம். அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அதே மாதிரி, விடியற்காலையில் எழுந்து மாதக்கணக்கில் ஒருவர் ஓடிப் பழகுவதைப் பார்க்கிறவர்களுக்கு, இவர் உண்மையாகத்தான் கேட்கிறார் என்ற நம்பிக்கை வருகிறது.

ஒற்றைக் காலோடு ஓடியவர்

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். 1958-ல் பிறந்தவர். கல்லூரியில் கூடைப்பந்து விளையாடியவர். 1977-ல் எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 18. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டார். 16 மாதம் மருந்து சிகிச்சை நடந்தது. அங்கே தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தார். இந்த நோய்க்கு நல்ல மருந்து கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், அதற்காகக் கனடா முழுவதும் ஓடுவேன் என்று முடிவெடுத்தார்.

1979 பிப்ரவரியில் பயிற்சி ஆரம்பமானது. முதலில் அரை மைல்தான் ஓட முடிந்தது. செயற்கைக் கால் உரசி, வெட்டுப்பட்ட இடம் புண்ணாகி ரத்தம் வரும். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். 101 நாள் தொடர்ந்து ஓடினார். கிறிஸ்துமஸ் அன்று மட்டும், அம்மா கேட்டுக்கொண்டதற்காக ஒரு நாள் லீவு. அந்த வருஷம் கலந்துகொண்ட ஒரு 27 கிலோமீட்டர் போட்டியில் எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 15 மாதத்தில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் பயிற்சி ஓட்டம் ஓடியிருந்தார். நாடு முழுக்க ஓடப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா பெட்டி ஃபாக்ஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பெத்த மனசு எப்படி ஒத்துக்கொள்ளும்?

கனடா புற்றுநோய்ச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். இருதய டாக்டரின் சான்றிதழ் வேண்டும், உதவி செய்பவர்களை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஃபோர்டு கம்பெனி வேன் கொடுத்தது. அடிடாஸ் ஷூ கொடுத்தது. தன் பேரை வைத்து எந்தக் கம்பெனியும் லாபம் பார்க்கக் கூடாது என்பதில் டெர்ரி கறாராக இருந்தார்.

தலைக்கு ஒரு டாலர்

1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையில் ஓட்டம் தொடங்கியது. தினமும் ஒரு மாரத்தான் தூரம். நண்பர் ஒருவர் வேனை ஓட்டிக்கொண்டு கூடவே போனார். முதல் வாரங்களில் பல இடங்களில் கூட்டமே இல்லை. ஆனால் போர்ட் ஓ பாஸ்க் என்ற சின்ன ஊரில் 10,000 பேர்தான் குடியிருந்தார்கள். அவர்கள் சேர்த்துக் கொடுத்தது 10,000 டாலர். ஆளுக்கு ஒரு டாலர்! நாட்டில் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் போதுமே என்ற எண்ணம் வலுவானது. அப்போது கனடாவின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 41 லட்சம்.

பணக்காரர்களும் வந்தார்கள். ஓட்டல் முதலாளி ஒருவர் மைலுக்கு 2 டாலர் தருவதாகச் சொல்லி, மற்ற கம்பெனிகளையும் கொடுக்கச் சொன்னார். ஆனாலும் கணக்கு தலைக்கு ஒரு டாலர்தான். நம்ம குழுவில் எல்லோரும் ஒரே அளவு சேமிக்கிறோமே, அது மாதிரி. யாருக்கும் சுமை இல்லை, யாரும் வெளியே இல்லை.

143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகிற தூரத்தைவிட அதிகம். 1980 செப்டம்பர் 1 அன்று தண்டர் பே என்ற ஊருக்குப் பக்கத்தில் இருமலும் நெஞ்சுவலியும் வந்தது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஓட்டம் அங்கே நின்றது. ஆனால் பணம் சேர்வது நிற்கவில்லை. 1981 பிப்ரவரியில் 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அவர் நினைத்த கணக்கு நிறைவேறியது. அந்த வருஷம் ஜூன் 28 அன்று, 23 வயது முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, டெர்ரி இறந்தார்.

1981 செப்டம்பரிலிருந்து அவர் பெயரில் வருஷா வருஷம் ஓட்டம் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு இல்லை. நடக்கலாம், ஓடலாம், முடிந்ததைக் கொடுக்கலாம். முதலில் வேண்டாம் என்ற அம்மாதான், 2011-ல் தான் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய் இதை வளர்த்தார். இதுவரை 85 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறது. டெர்ரிக்கு வந்த எலும்புப் புற்றுநோய்க்கு இன்று பலருக்குக் காலை எடுக்காமலே சிகிச்சை செய்ய முடிகிறது. பரவுவதற்கு முன்பு கண்டுபிடித்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைக்கிறார்கள். உலகம் முழுக்கப் பல பேர் பல வருஷம் செய்த ஆராய்ச்சியின் பலன் இது. ஆராய்ச்சி பணம் இல்லாமல் நடக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் வேண்டாம்

டெர்ரியிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்றில் அவரைப் பின்பற்ற வேண்டாம். ஓட்டத்தின்போது அடிக்கடி டாக்டரிடம் காட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. வலியைத் தாங்கிக்கொண்டே ஓடினார். நாமும் அப்படித்தானே? அறுவடை முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறோம். மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, இரண்டு வாரம் தாண்டியும் நிற்காத இருமல் இருந்தால் மறைக்காதீங்க. கிராம செவிலியரிடம் சொல்லுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. துணைக்கு ஆள் இல்லை என்றால் குழுவிலிருந்து ஒருத்தர் கூடப் போங்க.

இந்த மாதக் கூட்டத்தில் பேச:

1. உறுப்பினர் ஒருவருக்குத் திடீர் மருத்துவச் செலவு வந்தால் நம் குழு என்ன செய்யும்? மாதம் 5 ரூபாய் என்று தனியாகச் சேர்த்தால் 15 பேருக்கு வருஷத்தில் 900 ரூபாய் ஆகும். போதுமா? கூட்டலாமா?

2. அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு யார் எழுதுவது? யார் யாருக்கு, எதற்குக் கொடுப்பது?

3. டாக்டரிடம் போகாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் உறுப்பினர் நம்மில் யாராவது இருக்கிறார்களா? என்ன நோய் என்று கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. துணைக்குப் போவது யார் என்பதை மட்டும் அன்றே முடிவு செய்யுங்கள்.

முதல் இரண்டுக்கும் எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.