லயத்துச் சுவரும் கைப்பேசித் திரையும்



தேவிகுளம், மூணாறு மலைகளின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்பு நாடி வந்த நம்மில் எவரும் லய வாழ்க்கையை மறந்திருக்கமாட்டோம். வரிசையாய் அமைந்த வீடுகள்; இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரே சுவர். அடுத்த வீட்டுப் பிள்ளையின் இருமலும், கடன்காரர் வந்து போனதும் பொழுது விடிவதற்குள் லயம் முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆயினும் நம்மைப் பார்க்கிறவர் யார் என்பதை நாமும் அறிந்திருந்தோம். இன்று நிலைமை வேறு. நம் கைரேகையும், நோயும், பயணமும் எங்கோ பதிவாகின்றன. அவற்றைப் பார்க்கிறவர் யார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

கேரளத்தில் நடந்தது என்ன?

2020ஆம் ஆண்டின் கொரோனா நாட்களை நினைத்துப் பாருங்கள். ஊருக்குத் திரும்ப விரும்பியோர் கேரள அரசின் இணையதளத்தில் தங்கள் விவரங்களைப் பதிந்து, அனுமதிச் சீட்டு பெற்ற பின்னரே குமுளி, வாளையார் போன்ற சோதனைச் சாவடிகளைக் கடக்க முடிந்தது. வீட்டுத் தனிமையில் இருந்தோரின் உடல்நிலை விவரங்களைத் தொகுக்க, ஸ்பிரிங்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளை அரசு பயன்படுத்தியது. இது அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்தபோது, அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா உள்ளிட்டோர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆபத்துக் காலத்தில் இலவசமாய்க் கிடைத்த உதவி இது என்று அரசு பதிலளித்தது.

ஏப்ரல் 24 அன்று கேரள உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஒப்பந்தத்தை அது நிறுத்தவில்லை. ஆனால், இன்னார் என்று அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றிய பின்னரே அந்நிறுவனம் அவற்றைப் பார்க்கலாம் என்றும், இனிமேல் விவரம் தருவோரிடம் இதைத் தெரிவித்து அவர்களுடைய சம்மதத்தைப் பெறவேண்டும் என்றும், அவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்றும் கட்டளையிட்டது. அடுத்த மாதமே, அந்த விவரங்கள் அரசின் சி-டிட் நிறுவனத்தின் பொறுப்புக்கு மாற்றப்பட்டதாக அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அதே ஆகஸ்டில் மற்றொரு கேள்வி எழுந்தது. தொற்று ஏற்பட்டோரின் தொலைபேசி அழைப்புப் பதிவுகளைக் காவல்துறை திரட்ட முற்பட்டது. வழக்குத் தொடரப்பட்டபோது, கைப்பேசி இருந்த கோபுர எல்லை பற்றிய விவரம் மட்டுமே போதும் என்று அரசு விளக்கியது. கேள்வி கேட்கப்பட்டதால் அல்லவா இந்த எல்லை வகுக்கப்பட்டது?

அரசுக்கு விவரம் தேவையில்லையா?

தேவைதான். அந்த ஆகஸ்டில்தான், 6ஆம் தேதி இரவு, தேவிகுளம் தாலுகாவின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேரை நாம் இழந்தோம். எந்த வீட்டில் யார் குடியிருந்தார் என்பது தெரியாவிட்டால் யாரைத் தேடுவது? யாருக்கு நிவாரணம் அளிப்பது? மாநில எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலும் எவ்வளவு அவசியம் என்பதை நாம் அறிவோம். பட்டியலில் பெயர் இல்லாதவன் அரசின் கண்ணில் இல்லாதவனே. ஆகவே, அரசு நம்மை அறிவதே தீமை என்று சொல்லிவிட முடியாது. எதற்காக, எவ்வளவு, எதுவரை என்பதே கேள்வி.

இதற்கு உச்சநீதிமன்றம் அளவுகோல் தந்திருக்கிறது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்கவேண்டும். நியாயமான நோக்கம் இருக்கவேண்டும். தலையீடு தேவைக்கு மிஞ்சாதிருக்கவேண்டும். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு, அரசு மானியங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதாரைக் கேட்கலாம் என்றது. வங்கிக் கணக்குக்கும் சிம் அட்டைக்கும் அதைக் கட்டாயமாக்கலாகாது என்றது.

2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. அதன் கடமைகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. தனியார் நிறுவனங்கள் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அச்சட்டமே அதிகாரம் தருகிறது. வேலி இருக்கிறது; அதில் அகலமான ஒரு வாசலும் இருக்கிறது.

குடிமதிப்புக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்குப் போனார்கள். தானியேலையோ, அவர் வீட்டு ஜெபத்தையே குற்றமாக்க ஒரு சட்டத்தை வருவித்துவிட்டு வேவு பார்த்தார்கள். எண்ணப்படுவதும் வேவு பார்க்கப்படுவதும் ஒன்றல்ல.

நம் சபையின் காரியம்

அரசை மாத்திரம் குறைசொல்லிவிட்டு நான் ஒதுங்க முடியாது. கொரோனா நாட்களில் ஒரு சகோதரனின் நோயை, பெயரோடும் தெருவோடும் எங்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன். நல்லெண்ணத்தோடுதான் எழுதினேன். அது கைமாறிக் கைமாறி அவர் வீட்டு உரிமையாளரை எட்டியது. அந்தக் குடும்பம் வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தது. நான் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவரும் மன்னித்தார். ஆனால், போன செய்தியைத் திரும்ப அழைக்க என்னால் முடியவில்லை. அதற்குப்பின் எங்கள் சபையில் ஜெப விண்ணப்பங்களைப் பெயரின்றியே பகிர்கிறோம்.

பிரியமானவர்களே, ஆதார் நகலை யாராவது கேட்டால், எதற்கென்று கேளுங்கள். இயன்ற இடத்தில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். கைரேகைப் பதிவைப் பூட்டிவைக்கும் வசதியைப் பிள்ளைகளிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். தொலைபேசியில் வரும் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதிருங்கள். அதிகாரியிடம் பணிவாய்க் கேள்வி கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது.

லயத்தில் சுவர் மெல்லியதாயிருந்தது. அடுத்த வீட்டுச் சத்தம் காதில் விழுந்தாலும் கேளாதவர்போல் இருந்த பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். அந்தப் பண்பை நகரத்திலும், கையிலுள்ள இச்சிறு திரையிலும் நாம் காத்துக்கொள்வோமாக.