அகலத்திரைக்கு அரண்மனை போதுமா?

1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கின் பிராட்வே தியேட்டரில் ‘திஸ் இஸ் சினிராமா’ தொடங்கியபோது, முதலில் தெரிந்தது வழக்கமான சிறிய கறுப்பு வெள்ளைப் படம்தான். அதில் படத்தின் வர்ணனையாளர் லோவெல் தாமஸ் நிதானமாகப் பேசி முடித்ததும் திரைச்சீலை இருபுறமும் விலகிக்கொண்டே போனது. ரோலர் கோஸ்டரின் முன்வரிசையில் உட்கார வைத்தாற்போல அரங்கமே சரிந்து பாய்ந்தது. மூன்று புரொஜக்டர்கள் மூன்று படச்சுருள்களை ஒரே சீராக ஓட்டி, 146 பாகை அகலக் காட்சியை வளைந்த திரையில் பரப்பின. கடைக்கண்ணில் படுவதுதான் ‘நாம் அங்கேயே இருக்கிறோம்’ என்று நம்மை நம்ப வைக்கிறது என்பது சினிராமா என்ற இந்த முறையை உருவாக்கிய ஃபிரெட் வாலரின் கணிப்பு. அகலத்திரையை இன்று நாம் வெறும் நீள உயர விகிதமாகப் பேசுகிறோம். பார்ப்பவரின் கண்ணில் படம் எத்தனை பாகையை அடைக்கிறது என்பதல்லவா அதன் உண்மையான அளவு? அந்த அளவு லென்ஸைவிடக் கட்டடத்தையே அதிகம் நம்பியிருக்கிறது.

1920-களில் எழுந்த திரைப்பட அரண்மனைகள் இதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. 1927-ல் திறந்த நியூயார்க் ராக்ஸியில் ஏறத்தாழ 6,000 இருக்கைகள். 1953 செப்டம்பரில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘தி ரோப்’ அங்கேதான் வெளியானது. பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்த படத்தை, புரொஜக்டரின் முன் பொருத்திய லென்ஸ் விரித்துக் காட்டும். ஒரே புரொஜக்டர் போதும். ஆனால் மேடை முகப்பு குறுகலான அரங்குகளில் என்ன ஆனது? பழைய படம் 40 அடி அகலம் என்றால் உயரம் 29 அடி. அதே 40 அடிக்குள் சினிமாஸ்கோப்பை அடக்கினால் உயரம் 16 அடிக்கும் கீழே இறங்கிவிடும். அகலம் கூடவேயில்லை, உயரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது! பால்கனிக்கு மேலே இருந்த ஆபரேட்டர் அறையிலிருந்து செங்குத்தான சரிவில் கீழே விழும் ஒளியோ படத்தின் ஓரங்களைச் சாய்த்தது. சினிராமாவுக்காக மூன்று புரொஜக்டர் அறைகளைத் தரைத்தளத்திலேயே அமைத்து, இருக்கைகளை இழக்கவும் துணிந்தார்கள்.

அகலத்திரைக்காக மேடை முகப்பை மறைத்துத் திரையை முன்னே கொண்டுவந்ததில் அருமையான சிற்ப வேலைகள் அழிந்தன என்பார்கள். உண்மையான இழப்புதான். ஆயினும் அந்த முகப்பைக் காப்பாற்றியிருந்தால் படம்தான் குறுகியிருக்கும். வீட்டுத் தொலைக்காட்சியிலும் அதே விகிதம் கிடைக்கிறதே என்பது இன்றைய கேள்வி. ஐந்தடி அகலத் தொலைக்காட்சியைப் பத்தடி தள்ளிப் பார்த்தால் 28 பாகை. சொல்லப்போனால், 65 அடித் திரையை 150 அடிக்கு அப்பால் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு அதைவிடவும் குறைவு. ஆயிரக்கணக்கான இருக்கைகளே அகலத்திரைக்கு எதிரி. அதனால்தான் 1963-ல் ஹாலிவுட்டில் திறந்த சினிராமா டோம் எனக்கு எந்த அரண்மனையையும்விடப் பெரியதாகப் படுகிறது: இருக்கைகள் ஆயிரத்துக்கும் குறைவு, வளைந்த திரையோ 86 அடி.