புதியதற்குத் தெரியாத கட்டளை

2020-இல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் கோல்டு ஜி6400 ஒரு மலிவு விலை பிராசசர். இரண்டு கோர், 4 கிகாஹெர்ட்ஸ். 2011-இல் வந்த கோர் ஐ3-2100-க்கும் இரண்டு கோர்தான், வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் யாரும் புதியதைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் மோங்கோடிபி 5.0 என்ற தரவுத்தள மென்பொருளை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். பழையதில் ஓடும். புதியதில் தொடங்கிய கணமே நின்றுபோகும்.

காரணம் வேகம் அல்ல. ஒவ்வொரு பிராசசருக்கும் தெரிந்த கட்டளைகள் என்று ஒரு தொகுதி உண்டு: கூட்டு, பெருக்கு, இந்த எண்ணை அங்கே வை என்பதுபோல. நாம் எழுதும் நிரல் எதுவானாலும் கடைசியில் இந்தக் கட்டளைகளாகத்தான் மாறவேண்டும். 2011-இல் இன்டெல் இந்தத் தொகுதியில் ஏவிஎக்ஸ் என்ற புதிய கட்டளைகளைச் சேர்த்தது. 256 பிட் அகலமான பதிவகத்தில் எட்டு தசம எண்களை வரிசையாக நிறுத்தி, இன்னொரு எட்டோடு ஒரே கட்டளையில் கூட்டிவிடலாம். அதற்கு முந்தைய எஸ்எஸ்இ கட்டளைகளால் ஒரே நேரத்தில் நான்கைத்தான் கையாள முடிந்தது.

மோங்கோடிபி 5.0 கேட்பது இந்த ஏவிஎக்ஸைத்தான். ஐ3-இல் இருக்கும் அதை பென்டியம், செலரான் வரிசைகளில் இன்டெல் பல ஆண்டுகள் அணைத்தே விற்றது. தொழில்நுட்பத் தடை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. விலைக்கேற்பப் பொருளைத் தரம் பிரிக்கும் வியாபாரம் என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால் 2018-இல் ஏஎம்டி 55 டாலருக்கு விற்ற அத்லான் 200ஜிஇ-யில் ஏவிஎக்ஸ் மட்டுமல்ல, அடுத்த தலைமுறையான ஏவிஎக்ஸ்2-வும் இருந்தது.

தெரியாத கட்டளை வந்தால் பிராசசர் மெதுவாகக்கூட முயன்று பார்ப்பதில்லை. வேலையை நிறுத்தி இயங்குதளத்திடம் முறையிடும். இயங்குதளம் அந்த நிரலை மூடிவிடும். இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. சிபியுஐடி என்றொரு கட்டளை உண்டு. உனக்கு என்னென்ன தெரியும் என்று பிராசசரிடமே கேட்பது அதன் வேலை. அக்கறையுள்ள நிரலாளர்கள் முதலில் அதைக் கேட்டு, பதிலுக்கேற்ற பாதையில் நிரலை அனுப்புவார்கள். எல்லோரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருளான டென்சர்ஃப்ளோவில், 2018-இல் வந்த 1.6 பதிப்பு முதல் அதன் ஆயத்தத் தொகுப்புகளும் ஏவிஎக்ஸ் உண்டு என்று நம்பியே தயாராகின்றன. செயற்கை நுண்ணறிவு படிக்க மலிவுக் கணினி தேடும் மாணவர் இடறி விழும் இடம் இது.

விண்டோஸ் 11 கதை வேறு. நான்கு கோர், 4.2 கிகாஹெர்ட்ஸ் என்று மிடுக்காக வந்த 2017-ஆம் ஆண்டின் கோர் ஐ7-7700கே, மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இல்லை. நம் ஜி6400 இருக்கிறது! இது பட்டியல் போட்ட விதி. குறுக்குவழியில் நிறுவியவர்கள் பலர். மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை, ஆனால் கணினி ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11-க்கு 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு பாப்கவுண்ட் என்ற கட்டளையைக் கட்டாயமாக்கியது. ஓர் எண்ணை இரண்டடிமானத்தில் எழுதினால் எத்தனை 1 வருகிறது என்று எண்ணிச் சொல்வது மட்டுமே அதன் வேலை: 13 என்றால் 1101, விடை மூன்று. இந்தச் சின்னக் கட்டளை தெரியாத கோர் 2 டுவோ கணினிகளில் 24எச்2 தொடங்கவே தொடங்காது. இங்கே குறுக்குவழி பலிக்காது.

ஆகவே சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில் பேரம் பேசும்முன் இரண்டைப் பாருங்கள். முதலில், உங்களுக்கு வேண்டிய மென்பொருளின் தேவைப் பக்கத்தில் கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பொடி எழுத்தில் எந்தக் கட்டளைத் தொகுதியைக் கேட்டிருக்கிறார்கள் என்பது. அடுத்து, அது அந்தப் பிராசசரில் உண்டா என்பது. விண்டோஸில் சிபியு-இசட் என்ற இலவச நிரலும் லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளையும் அதைக் காட்டிவிடும்.

2023-இல் வந்த இன்டெல் என்100 இந்தக் கணக்கில் நல்ல தேர்வு: நான்கு கோர், 6 வாட், ஏவிஎக்ஸ்2 உண்டு, விண்டோஸ் 11-க்கும் பொருந்தும். நினைவகத்துக்கு ஒரே ஒரு சேனல்தான் என்பதால் பெரிய வீடியோக்களைத் தொகுக்க அதை நம்ப வேண்டாம்.