திறக்கப் பத்து இலட்சம் ஆண்டுகள்

பலர் கூடி ஆடும் வீடியோ விளையாட்டில், கல்லையும் கட்டையையும் சேர்த்தவுடன் கோடரியின் செய்முறை திறக்கிறது. பொத்தானை அழுத்தினால் கோடரி தயார்! உண்மையில் மனிதனுக்கு அது எப்படித் திறந்தது?

பள்ளிப்பட்டு வழியாகப் பாயும் கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. அதன் கிளை ஓடை ஒன்றின் கரையில் உள்ளது அதிரம்பாக்கம். 1863-இல் புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் பின்னர் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என 2011-இல் தெரியவந்தது.

கைக்கோடரிக்குக் காம்பு கிடையாது. குவார்ட்சைட் கல்லை வேறொரு கல்லால் தட்டிச் சில்லுகளை நீக்கினால், எஞ்சுவதே கருவி. சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே புதிய முறை வந்துவிட்டதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. முதலில் கல்லைப் பக்குவமாகச் செதுக்கி, பிறகு ஒரே தட்டில் வேண்டிய வடிவிலேயே சில்லைப் பெயர்க்க வேண்டும். இப்போது சில்லே கருவி! இதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. வரப்போகும் வடிவம் முன்கூட்டியே மனத்தில் தெரிய வேண்டும்.

விளையாட்டில் திறந்த செய்முறை அழியாது. அன்றோ எழுத்தே இல்லை. ஒருவர் தட்டுவதை மற்றவர் பார்த்துக் கற்காவிட்டால், அத்தனையும் அவரோடு மறைந்திருக்கும். அப்படியானால் மனிதனின் முதல் பள்ளிக்கூடம் எது? ஆற்றங்கரைதான் அல்லவா?